ஓடு பறந்த கதை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வாய்க்குப் பஞ்சமில்லை, ஐயா. காதுக்குத்தான் பஞ்சம். நான் பூங்கா பெஞ்சில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே அவசர வேலை வந்துவிடும். ஒரு தெரு நாய்கூட என் கதையைப் பாதியில் விட்டு எழுந்து போயிருக்கிறது.

ராணுவ ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஆயுள் முழுக்க நின்றவன் நான். அங்கே வரிசையில் வந்தவர்கள், மருந்து கைக்கு வரும்வரை நான் சொல்வதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? என் இருமல் மருந்தைக் குடித்த ஒரு மேஜர் தும்மியதில் கூரை ஓடு பறந்த கதை அங்கேதான் பிறந்தது.

மருமகன் போரிலிருந்து திரும்பியபோது, கண்ணிவெடி அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தது. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். மகள் அலுவலகம் போய்விட்டால் பகல் முழுக்க அவரும் நானும்தான். வலி மாத்திரைகளை அலமாரியில் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"அப்பா, உங்க கையாலயே குடுத்துடுங்க. இவர் கையில இருந்தா வலி தாங்காம ரெண்டா முழுங்கிடுவார்."

மாத்திரை போட்டதும் அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். நான் எது சொன்னாலும் "ம்" என்பார். மேஜர் தும்முவார், ஓடு பறக்கும், "ம்". அப்படி ஒரு காது எனக்கு ஜன்மத்தில் வாய்த்ததில்லை.

பிறகு டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். முழுக்க விட்டுவிட்டு, செயற்கைக் காலில் நடக்கப் பழகி, நண்பரின் லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது மருமகனின் ஆசை. பாதி மாத்திரையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. ஆனால் கண் திறந்துகொண்டது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் நான் ஓட்டுக் கதையை எடுத்தேன்.

"போன தடவை நாலு ஓடுதானே மாமா பறந்துச்சு? இப்ப பத்தாயிடுச்சே."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சும்மா இருங்க. அப்பாவுக்கு இன்னும் முழுக் கூரையே பாக்கி இருக்கு."

"போருக்குப் போனவன் நான். ஆனா பெரிய குண்டு வெடிக்கிறதெல்லாம் மாமா கதையிலதான்."

நல்ல நகைச்சுவை. நானும் சிரித்தேன். மகள் அப்படிச் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது என்பதையும் கவனித்தேன்.

மறுநாளிலிருந்து பாதி மாத்திரையை அவள் கண்முன்னே கொடுத்தேன். அவள் போன பிறகு இன்னொரு பாதியை மருந்து அரைக்கும் கல்வத்தில் நைத்து, சர்க்கரை தூக்கலாகப் போட்டு, அவர் காபியில் கலந்தேன். கசப்பு மருந்தைக் குழந்தைகளுக்கு இறக்க நாங்கள் செய்கிற வேலைதான். மிஞ்சிய பழைய மாத்திரை அட்டைகளைக் குப்பையில் கொட்டிவிட்டதாக மகளிடம் சொல்லியிருந்தேன். கொட்டவில்லை.

மருமகன் மறுபடி "ம்" என்றார். செயற்கைக் கால் கதவுக்குப் பின்னால் சாய்ந்தே நின்றது. ஒரு மதியம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாதிதானே மாமா போடுறேன். அப்பவும் எழுந்திரிக்க முடியல. நான் அவ்வளவுதானா?"

"உடம்பு மெதுவாத்தான் வழிக்கு வரும், மாப்பிள்ளை."

இதில் பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள்.

போன வாரம் அவருக்குச் சளி பிடித்தது. பாதி மாத்திரைதான் உள்ளே போகிறது என்று நம்பிய டாக்டர் இருமல் மருந்து எழுதினார். முழு மாத்திரையோடு அது சேர்ந்தால் மூச்சு அமுங்கும் என்று ஜன்னலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பியவன் நான். உங்களிடம் மறைப்பானேன், தெரியாமல் செய்யவில்லை. ஆனால் இருமல் இருக்கிறதே, ஐயா, அது கதையைக் கண்ட இடத்தில் வெட்டுகிறது. அன்று மதியம் மருந்தும் கொடுத்தேன், காபியும் கொடுத்தேன்.

இருமல் நின்றது. மேஜர் மூக்கைச் சுருக்கும் இடத்தில் மருமகனின் குறட்டை கேட்டது. தும்மப்போகும் இடத்தில் குறட்டையும் நின்றது. உதடு நீலம் பாரித்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போன் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. ஆனால் கதை முடியக் கொஞ்சம்தான் பாக்கி. பாதியில் ஒருவர் எழுந்து போவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். இந்த முறை கூரை முழுவதும் பறந்தது. மாப்பிள்ளை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அந்தக் கதை பிடித்துத்தான் இருந்தது, ஐயா.