கண்ணை மூடிக் கடந்த தெரு

"கீழ படுங்கலே. தலைய தூக்காதிய." மிக்கேல் கத்துகிறான்.

நான் அடுப்படித் தரையில் கிடக்கிறேன். கன்னத்துக்குக் கீழே சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு. ஜன்னலில் கண்ணாடி இல்லை. பக்கத்தில் மீரான், காதைப் பொத்திக்கொண்டு. சத்தம் மூன்று விதம். தூரத்தில் ஒன்று. அது தரை வழியாக வயிற்றுக்குள் வருகிறது. கிட்டத்தில் ஒன்று. தகரத்தில் கல்லைக் கொட்டுவதுபோல் படபடவென்று. மூன்றாவது விமானம். அது தலைக்கு மேல் போய் முடிந்த பிறகுதான் வெடிக்கிறது.

சித்திரை இரண்டு. சனிக்கிழமை காலை. சூடான் நாட்டில் கார்த்தூம் நகரம். அன்றுதான் அங்கே இரண்டு படைகளுக்குள் சண்டை மூண்டது. எங்கள் மூவருக்கும் அங்கே ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை. மாடியில் ஒரே அறை, ஒட்டி ஒரு அடுப்படி. அறைக்குள் இன்னும் முந்தின நாள் சொதி வாசம் அடிக்கிறது.

இசக்கி, முத்து, என் பிள்ளைகளே, இதை உங்களுக்காக எழுதுகிறேன். இந்த விஷுவுக்கு இசக்கி பின்னால் வந்து என் கண்ணைப் பொத்தினாள், விடிந்ததும் முதல் பார்வையாகக் கனி பார்க்கக் கூட்டிப்போக. நான் கையை விலக்கினேன். "ஏம்ப்பா?" என்று கேட்டாள். பதில் வாயில் வரவில்லை. எழுத்தில் வருகிறதா என்று பார்க்கிறேன். படிப்பு குறைவு. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அந்த வருஷம் மூன்று பண்டிகையும் ஒரே மாதத்தில் வந்தன. மிக்கேலுக்குப் பாஸ்கு, ஈஸ்டர். எனக்கு விஷு. மீரானுக்குப் பெருநாள். மூன்றுக்கும் வீட்டுச் சாப்பாடு, ஆளுக்கு ஒரு நாள் சமையல் என்று பேசிவைத்தோம். பாஸ்குவுக்கு மிக்கேல் மீன் குழம்பு வைத்தான். உவரிக்காரன். நைல் நதி மீனைக் கழுவும்போதே அவனுக்கு முகம் சரியில்லை. "இதுவும் ஒரு மீனாலே? உப்புத் தண்ணியே பாக்காத பய."

விஷுவுக்கு நான். வியாழன் இரவே தட்டில் கனி வைத்தேன். மாம்பழம், வாழைப்பழம், அரிசி, மீரான் கொடுத்த பேரீச்சம்பழம், என் சவரக் கண்ணாடி. தங்கம் வேண்டும். என்னிடம் ஏது? மிக்கேல் கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றிப் போட்டான். "இந்தாலே சொடலை. ரோசி கேட்டா நீதான் பதில் சொல்லணும்." ரோசி அவன் மனைவி. அவள் போட்ட சங்கிலி அது.

விடிந்ததும் அவன்தான் என் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போனான். அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு படி உண்டு. "பைய வாலே. படி இருக்கு." அவன் கையில் மீன் வாசம் இன்னும் போகவில்லை. கண் திறந்தேன். கண்ணாடியில் என் முகம், என் தோளுக்கு மேல் அவன் முகம். சிரித்துக்கொண்டிருந்தான்.

டப்பாத் தேங்காய்ப்பாலில் சொதி. முருங்கைக்காய் கிடைக்கவில்லை. மாங்காய்ப் பச்சடி, இஞ்சித் துவையல். உருளைக்கிழங்கை மீரான் வறுத்தான். "நோம்பு வச்சவன அடுப்புக்கு முன்னால நிறுத்துதியளே, ஈரல்ல ஈரம் உண்டா வே?" என்று கேட்டுக்கொண்டே வறுத்தான். அவன் நோன்பு திறக்கட்டும் என்று நாங்களும் பொழுது அடையும்வரை சாப்பிடவில்லை. அடுத்த வெள்ளி பெருநாள். மேலப்பாளையம் பிரியாணி போடுவதாகச் சொன்னான்.

விஷுவுக்கு மறுநாள் காலைதான் தரையில் கிடந்தோம். கனித் தட்டு அலமாரியிலிருந்து விழுந்தது. கண்ணாடி உடைந்தது. சங்கிலியை மிக்கேல் தடவி எடுத்துத் திரும்பத் தட்டிலேயே வைத்தான். "அங்கனயே கெடக்கட்டும். கழுத்துல பாத்தா புடுங்கிருவானுவ."

கரண்ட் போனது. குழாயில் தண்ணீர் நின்றது. மீதிச் சொதி ஞாயிற்றுக்கிழமை புளித்தது. அதையும் தின்றோம். பிறகு அரிசி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் குண்டு பட்டு ஓட்டை விழுந்தது. தண்ணீர் சுவர் வழியாக ஒழுகுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம். எழுந்து போய் ஏந்த முடியவில்லை. மீரான் நோன்பை விடவில்லை. பொழுது அடைந்ததும் மூன்று பேருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர்.

வியாழக்கிழமை காலை. துப்பாக்கிச் சத்தம் நின்றிருக்கிறது. தெருமுனையில் ஒரு கைப்பம்பு உண்டு. யார் போவது?

"நோம்புக்காரன் வேண்டாம். சொடலைக்கு ஓட வராது. நான் போறேன்," என்கிறான் மிக்கேல். "கடல்ல கெடந்தவனுக்குத் தண்ணி எடுக்கதுக்கா பயம்?"

இரண்டு பிளாஸ்டிக் கேன். படியிறங்கினான். பம்பு அடிக்கிற சத்தம் கேட்கிறது. கிரீச், கிரீச். நிற்கிறது. கேனைத் தூக்கிவிட்டான் என்று மீரான் சொல்கிறான்.

ஒரே ஒரு வெடி. பிறகு கேன் உருளுகிற சத்தம். வெறும் கேன் உருளுவது வேறு, தண்ணீரோடு உருளுவது வேறு. இது தண்ணீரோடு உருண்டது.

"மிக்கேலே! ஏலே மிக்கேலே!" ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து கத்தினோம். பதில் இல்லை. எதிர்க் கட்டடக் கூரை மேல் யாரோ இருந்தார்கள். தலை தெரிந்தால் சுட்டார்கள்.

சாயங்காலம் சுடுவது ஓய்ந்ததும் மீரான் போர்வையை எடுத்துக்கொண்டு கீழே போனான். வெறுங்கையோடு வந்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பாங்கு கேட்டது. நோன்பு திறக்கத் தண்ணீர் இல்லை. ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. பெருநாள். பள்ளிவாசலில் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்கிறார்கள். நடுநடுவே வெடிச் சத்தம். கம்பெனி ஆள்களை ஊரைவிட்டுக் கொண்டுபோகப் பஸ் வருகிறது என்று செய்தி. பஸ் நிற்பது பெரிய ரோட்டில். பம்பைத் தாண்டித்தான் போகவேண்டும். சங்கிலியை என் சட்டைப் பைக்குள் போட்டேன். மீரான் என்னிடம் ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டினான். "பெருநாளைக்கு வெறும் வயித்தோட எறங்கக்கூடாது."

வாசலில் நிறுத்தினான். பின்னால் வந்து என் கண்ணைப் பொத்தினான்.

"நான் சொல்லுத வரைக்கும் தொறக்காதயும் வே."

நடந்தேன். முன்னால் என்னைத் தள்ளிக்கொண்டு, பின்னால் அவன். காலில் ஈரம். காலில் ஒரு கேன் தட்டியது. அது வெறும் கேன். ஈக்கள். அவன் விரல்களை இன்னும் நெருக்கினான்.

"பைய வாரும். படி இருக்கு."

தெருவில் ஏது படி? காலைத் தூக்கி வைத்தேன்.

பஸ்ஸில் ஏறிய பிறகு கேட்டேன், ஏன் என்று. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "ரோசி கேப்பா, எப்படிக் கெடந்தான்னு. ஒமக்குப் பொய் வராது. பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லிரலாம்லா."

பஸ், துறைமுகம், கப்பல், விமானம். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஸ்ரீவைகுண்டம் வந்த மறுநாளே கிளம்பி, பஸ் மாறி உவரிக்குப் போனேன். ரோசி சங்கிலியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"முகம் எப்படி அண்ணே இருந்துச்சு?"

"பாக்கலம்மா."

"நெசமாவா?"

"நெசமா. நான் கடசியா பாத்தது கண்ணாடில. சிரிச்சிக்கிட்டு நின்னான்."

கார்த்தூமில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனைத் தங்கள் மையவாடியிலேயே அடக்கிவிட்டதாக மூன்று மாதம் கழித்துப் போனில் தகவல் வந்தது. ரோசியிடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

நம் ஊர்க் கோயில் கொடையில் வேட்டுப் போட்டால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்க்கிற மோட்டார் கடைக்கு எதிரே தண்ணீர் கேன் இறக்குவார்கள். உருளும். அப்போது மட்டும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவேன். வலி இல்லை. கை வேலை செய்யாது, அவ்வளவுதான்.

மீரான் பெருநாளுக்குப் பெருநாள் நம் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்புகிறான். அவன் வருவதில்லை. அவன் தூங்குவதில்லை என்று அவன் வீட்டில் சொல்கிறார்கள். என்ன பார்த்தான் என்று இதுவரை என்னிடம் சொல்லவில்லை.

இசக்கி, அடுத்த விஷுவுக்கும் கனி வை. நானே நடந்து வருகிறேன், கண்ணைத் திறந்துகொண்டு.

போனவை. ஒரு சவரக் கண்ணாடி. இரண்டு கேன். சமைக்காத ஒரு பெருநாள் சோறு. மிக்கேல், வயது முப்பத்தாறு, உவரி.

மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேர் வந்தோம். அதில் பார்த்தவன் ஒருவன்.