காய்ந்த தரையில் வழுக்கியவள்

கரகரவென்று ஸ்ட்ரெச்சர் உருண்டு போனது. மாலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் தெருவில் இளசுகள் ஸ்கேட்போர்டில் சறுக்கும்போது வருகிற அதே சத்தம். எக்ஸ்ரே வரிசையில் எனக்கு முன்னால், வீங்கிய மணிக்கட்டைத் துப்பட்டாவில் தொங்கவிட்டிருந்த கல்லூரிப் பெண் சட்டென்று திரும்பினாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மாவின் கண் சுருங்கியது.

"எங்கடி வியுந்த?"

"பாத்ரூம்ல வழுக்கிடிச்சுன்னு சொன்னேன்லம்மா."

"காலையிலேர்ந்து குவார்ட்டர்ஸ்ல தண்ணியே வரல. காஞ்ச தரையில எப்பிடி வழுக்கும்? முழங்கையில ரோட்டு ஜல்லி வேற ஒட்டிக்கினு இருக்கு. எவன் வண்டியில போன?"

"வண்டி இல்லம்மா. சக்கரம் வச்ச பலகை."

"சரி, அத எவன் ஓட்டினான்?"

"நான்தாம்மா."

அம்மா மகளின் முழங்கையில் ஒட்டியிருந்த ஜல்லியைத் தட்டிவிட்டாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா பலகைய ஒடச்சிடுவாரும்மா."

உள்ளிருந்து மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா துப்பட்டா முடிச்சை இறுக்கிவிட்டாள்.

"போ. அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்து கேட்டாருன்னா பாத்ரூம்னே சொல்லு. தண்ணி வந்துச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."