படுங்கோ என்று கத்தியவள் நான்

"படுங்கோ! விழுந்து படுங்கோ!"

கத்துவது நான். ஞாயிறு. காலை பத்தே கால். மூன்று நாள் மழை அப்போதுதான் விட்டிருக்கிறது. கேகாலை டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் பழைய ரப்பர்க் களஞ்சியம். உள்ளே பதினொரு பேர். நாடக ஒத்திகை. பின்சுவருக்கு அப்பால் மூன்று சின்ன வெடிப்பு. பட். பட். பட். பிறகு நீளமாக ஓர் உறுமல். தரை அதிர்கிறது. என்னோடு சேர்ந்து பத்துப் பேர் குப்புற விழுகிறோம். செல்வகுமார் மட்டும் நிற்கிறான்.

"படுக்காதீங்க! ஓடுங்க! மண்ணு வருது! துவன்ன! துவன்ன!"

தமிழிலும் சிங்களத்திலும் கத்துகிறான். யாரும் அசையவில்லை. எட்டு மாதமாக அவர்கள் பழகியது என் குரலுக்கு.

ஏன் பழகினார்கள் என்று சொல்கிறேன்.

என் தாய் தகப்பனுக்கு இரத்தினபுரிப் பக்கம் தோட்டம். கலவரத்தில் அடித்து விரட்டினார்கள். வன்னிக்குப் போனார்கள். நான் அங்கே பிறந்தேன். இறுதி யுத்தத்தில் ஷெல் எங்களை ஊர் ஊராகத் துரத்தியது. ஒரு மத்தியானம் அப்பா எழுந்து ஓடினார். இருபது அடிகூடப் போகவில்லை. நானும் அம்மாவும் படுத்தே கிடந்தோம். பிழைத்தோம். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து விட்டபோது போக இடம் இல்லை. சித்தி கேகாலையில் இருந்தார். வந்து சேர்ந்தோம்.

கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதினேன். பிறகு டவுன் முழுக்கப் பிளாஸ்டிக் பெனர் வந்தது. என் தூரிகையை யாரும் கேட்கவில்லை. பழைய கடைகளை இடித்து நாலு மாடி கட்டினார்கள். அந்தக் கட்டடங்களுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். ஒருவனுக்குப் பாட்டு வரும். ஒருத்திக்கு ஆட்டம் வரும். யார் கேட்டார்கள்?

செல்வகுமார் புளத்கொகுபிட்டியப் பக்கம். ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குவான். தப்பை எடுத்து அடித்தால் வேறு ஆள். ரமணி நிவித்திகலை. புடவைக் கடையில் நிற்பாள். பாடுவாள். ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்தோம். முன்கடை நஸீர் நானா களஞ்சியச் சாவியைத் தந்தார். "சும்மா பூட்டித்தானே கெடக்கு. ஆடுங்க, பாடுங்க. பீடி மட்டும் குடிக்காதீங்க." வாரத்தில் ஆறு நாள் கூலி. ஞாயிறு மட்டும் கலைஞர்கள். எனக்கு அதுதான் ஊர்.

களஞ்சியத்துக்குப் பின்னால் மலை. புதிய கட்டடத்துக்காகப் பெக்கோ இயந்திரம் அதை வெட்டிக்கொண்டிருந்தது. முதல் மாதம் ஒரு பாறை டிப்பரில் விழுந்தது. டமார். நான் தரையில் கிடந்தேன். எப்படி விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான் போலக்கா," என்றான் செல்வகுமார்.

எனக்குக் கோபம். ஆனால் அவனேதான் அதை நாடகத்தில் வைப்போம் என்றான். யுத்த நாடகம். சொல்லிக் கொடுத்தேன். குப்புற விழு. காதைப் பொத்து. வாயைத் திற. எழும்பாதே. விளையாட்டும் ஆனது. வெளியே எந்தச் சத்தம் கேட்டாலும் நான் கத்துவேன். கடைசியாக விழுபவர் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்ற வேண்டும். ரமணி ஒரு நாளும் ஊற்றியதில்லை. அவ்வளவு வேகம்.

செல்வகுமார் ஒருமுறை சொன்னான். "எங்க தோட்டத்துல மண்ணு வந்தா படுக்க மாட்டோம்க்கா. திரும்பிப் பாக்காம ஓடுவோம்."

"நீ ஷெல் கண்டியா?" என்றேன்.

யுத்தம் கண்டவள் என்ற திமிர் எனக்கு. மலையோடு பிறந்து வளர்ந்தவனிடம் அந்தத் திமிரைக் காட்டினேன்.

மணி பத்துப் பதினாறு. கதவு அவன் பக்கத்திலேயே இருக்கிறது. அவன் போகவில்லை. கிடப்பவர்களை முடியைப் பிடித்து இழுக்கிறான். கொலரைப் பிடித்துத் தூக்கி வெளியே தள்ளுகிறான். என் விலாவில் உதைக்கிறான். அந்த உதையில்தான் நான் எழுந்தேன். ஓடினேன். ரமணி சுவரோரம். அவளுக்காகத் திரும்பி உள்ளே போனான். சுவர் வந்தது. ஓடு, மரம், மண். பிறகு ஒரு சத்தமும் இல்லை. மழைத் தண்ணீர் மட்டும் சளசளவென்று ஓடியது.

மலையை வெட்டிய அதே பெக்கோதான் அவர்களைத் தோண்டி எடுத்தது. மாலை நாலரை.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். இயற்கை அனர்த்தம் என்று எழுதினார். மலையை வெட்டியதைச் சொன்னேன். எழுதவில்லை. நான் கத்தியதைச் சொன்னேன். "அது தேவையில்லை, நோனா," என்றார். இயற்கைக்கு வாயில்லை. எதையும் அதன் தலையில் கட்டலாம். கட்டடம் எழும்பிவிட்டது. எங்கள் களஞ்சியம் இருந்த இடத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள்.

செத்த வீட்டில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். "வன்னியிலேருந்து சாவக் கூட்டிக்கிட்டு வந்தவ."

அதிகாரி எழுதாததை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

மண்ணுக்குள் போனது தப்பு மூன்று. கோயிலில் இரவல் வாங்கிய ஆர்மோனியம் ஒன்று. நான் வரைந்த படுதா நான்கு. ஒரு தடவைகூட மேடை ஏறாத நாடகம் ஒன்று. மிஞ்சியவர்கள் ஒன்பது பேர். இரண்டு பேர் கொழும்புக்குப் போய்விட்டார்கள். ஒருவன் கட்டாருக்கு. ஐந்து பேர் இந்த டவுனில்தான் இருக்கிறார்கள். என்னைக் கண்டால் நிற்பதில்லை. ஒன்பதாவது ஆள் நான்.

செல்வகுமார். இருபத்தொன்பது வயது.

ரமணி. இருபத்து மூன்று வயது. நிவித்திகலையில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கடைசியா எம்புள்ள ஏதாச்சும் சொன்னாளா?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பொய். தரையில் கிடந்தபடி தலையை என் பக்கம் திருப்பி அவள் கேட்டாள்.

"அக்கா, சரியாப் படுத்திருக்கேனா?"

சரி என்றேன்.