மர வீட்டில் எடுத்த வாக்குமூலம்

— நாலு பேர் இல்ல, மூணு பேர். சரியா எழுதுங்க. நான், என் மகன், என் மருமகள். மூணு நாளைக்கு முன்னால இந்த மர வீட்டுக்கு வந்து தங்கினது நாங்க மூணு பேர்தான்.

— உள்ள நாலு கட்டில் போட்டிருக்கு ஐயா, அதான் கேட்டேன்.

— நாலாவது கட்டில் நாங்க வரும்போதே இங்க கிடந்தது. கட்டிலெல்லாம் சாட்சி சொல்லாது, வனக்காவலரே. முப்பத்தி நாலு வருஷம் கோர்ட்டுல சாட்சிங்க சொல்றதை எழுதினவன் நான். பேனாவை ஏன் அப்படி இறுக்கிப் பிடிக்கறீங்க?

— மூணு மணி நேரம் மலையேறி வந்த கை ஐயா, குளிர்ல மரத்துப் போச்சு. பாதி வழியில மரம் வேற சாஞ்சு கிடக்கு.

— சார், முதல்ல இந்த டீயைக் குடிங்க. பால் இல்ல, சக்கரை மட்டும் இருக்கு. மாமா, நீங்க அசையாம படுங்க.

— நான் படுக்கல. சாஞ்சிருக்கேன். வாக்குமூலம் குடுக்கறவன் படுத்துக்கிட்டுக் குடுக்கறதில்ல.

— கால் உடைஞ்சவர் குடுக்கலாம் மாமா.

— உடைஞ்சிருக்குன்னு சொல்ல நீ என்ன டாக்டரா?

— மாட்டாஸ்பத்திரியில கட்டுப் போடறவ. ரெண்டு காலோ நாலு காலோ, உடைஞ்சா உடைஞ்சதுதான்.

— இந்தக் கட்டு நீங்க போட்டதாம்மா? ரெண்டு விறகை வெச்சு, சால்வையைக் கிழிச்சுச் சுத்தி... எங்க ஆளுங்களுக்குக்கூட இவ்வளவு சுத்தமா வராது.

— கன்னுக்குட்டிக்குப் போட்டுப் போட்டுப் பழக்கம் சார். மாமா அதைவிடக் கொஞ்சம் கம்மியாதான் உதைச்சார்.

— இதெல்லாம் எழுத வேண்டாம்.

— எழுதல ஐயா. பின்னால ஆளுங்க ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டு வர்றாங்க. அவங்க வர்றதுக்குள்ள நான் எழுதி முடிக்கணும். கீழ செக்போஸ்ட்டுல ஆம்புலன்ஸும் நிக்குது, போலீஸ் ஜீப்பும் நிக்குது.

— கால் வழுக்கினவனுக்கு எதுக்கு ரெண்டு வண்டி?

— ஆம்புலன்ஸ் உங்களுக்கு. ஜீப் இந்தம்மாவுக்கு.

— எனக்கா?

— உங்க வீட்டுக்காரர் முந்தாநேத்து சாயங்காலம் செக்போஸ்ட்டுக்கு வந்தாரும்மா. ‘என் பொண்டாட்டி எங்கப்பாவை வாசப்படியிலிருந்து தள்ளிவிட்டா, கண்ணால பார்த்தேன்’னு எழுதிக் குடுத்திருக்கார். நேத்து முழுக்க மழை, எங்களால ஏற முடியல. அதுக்குள்ள கீழ டீக்கடை வரைக்கும் இதே பேச்சு. மருமக மாமனாரைத் தள்ளியே கொன்னுட்டாளாம்.

— கொன்னுட்டாளா? நான் இங்க டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன்!

— அதான் ஐயா, உங்க வாயால கேக்கணும்.

— எழுதுங்க. படி ஈரமா இருந்துது. கால் வழுக்கி விழுந்தேன். முடிஞ்சது.

— நீங்க என்னம்மா சொல்றீங்க?

— மாமா சொல்றதுதான்.

— நீங்க பார்த்தீங்களா?

— மாமா சொல்றதுதான் சார்.

— பாருங்க ஐயா, இதுல ஒரு சிக்கல் இருக்கு. மழை பிடிச்சது ராத்திரி எட்டு மணிக்கு. உங்க மகன் செக்போஸ்ட்டுக்கு வந்தது அஞ்சு மணிக்கு. சட்டையில சொட்டு ஈரம் இல்ல. அப்ப படி மட்டும் எப்படி நனைஞ்சுது?

— பனி.

— மத்தியானம் ரெண்டு மணிக்கா? விழுந்தது அப்பதான்னு உங்க மகன் எழுதியிருக்கார்.

— குறுக்கு விசாரணை பண்ண நீங்க வக்கீல் இல்ல. எழுதறவர் எழுதணும். அதுதான் முறை.

— சரி, கேக்கல. அப்படியே எழுதறேன். ஆனா கீழ என்ன நடக்கும்னு சொல்லிடறேன். மகன் பார்த்தேங்கறார், அப்பா இல்லைங்கறார். மருமகளைக் காப்பாத்தப் பெரியவர் மழுப்பறார்னுதான் இன்ஸ்பெக்டர் எடுத்துப்பார். விசாரிக்கணும்னு இந்தம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவார்.

— அவன் பார்க்கல.

— அப்ப அவர் எங்க இருந்தார்?

— விறகு வெட்டப் போயிருந்தான்.

— கோடாலியில ஒட்டடை பிடிச்சிருக்கு ஐயா. அடுக்கி இருக்கற விறகெல்லாம் போன மாசம் நாங்க வெட்டி வெச்சது.

— கண்ணு ரொம்ப நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு.

— காட்டுல அதுக்குத்தான் சம்பளம்.

— சார், போதும் விடுங்க. அவரைப் பாடாப் படுத்தாதீங்க. பாதம் வீங்கிட்டே வருது. அவரை ஆஸ்பத்திரியில சேருங்க, நான் ஜீப்புல ஏறிக்கறேன்.

— நீ பேசாம இரு.

— ரெண்டு நாளா பேசாமதானே இருக்கேன் மாமா? நீங்க கேட்டுக்கிட்டது அதானே?

— என்ன ஐயா கேட்டுக்கிட்டீங்க?

— குடும்ப விஷயம்.

— ஐயா.

— எங்க தாத்தா காலத்துலேருந்து எங்க வீட்டு ஆள் ஒருத்தர் பேர்கூட போலீஸ் புத்தகத்துல ஏறினதில்ல. எத்தனையோ வீட்டுப் பேர் ஏறினதை என் கையாலயே எழுதியிருக்கேன், எங்க வீட்டுப் பேர் இல்ல. அதனால இங்க நடந்தது இந்த மலையை விட்டுக் கீழ இறங்கக் கூடாதுன்னு கேட்டேன். சரின்னு சொன்னா.

— உங்க மகன் இறங்கும்போதே அதை எடுத்துட்டுப் போயிட்டாரே ஐயா. தலைகீழா மாத்தி எடுத்துட்டுப் போயிட்டார்.

— மாமா, தண்ணி குடிங்க.

— வேண்டாம். வைம்மா அங்க.

— நான் எழுதறதுக்காகக் கேக்கல. கரண்டு இல்லாத, போன் எடுக்காத இடத்துக்கு ஏன் வந்தீங்க?

— போன் எடுக்காதுன்னுதான் வந்தேன். ஆறு மாசமா ரெண்டு பேரும் தனித்தனியா இருக்காங்க. வீட்டுல பேச உக்காந்தா அவன் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிடுவான். இங்க வண்டி கிடையாது, பக்கத்து வீடு கிடையாது. எழுந்து போக இடமில்லைன்னா பேசித்தானே ஆகணும்? அப்படி ஒரு கணக்குப் போட்டேன். முதல் நாள் நல்லாத்தான் இருந்துது. சீட்டு விளையாடினோம்.

— மாமா ஏமாத்தினார்.

— ஏமாத்தல. ஆட்டத்தோட முறை உனக்குத் தெரியல.

— ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு முறை சொன்னா எப்படித் தெரியும்?

— ரெண்டாம் நாள், ஐயா?

— ரெண்டாம் நாள் மத்தியானம் வழுக்கி விழுந்தேன்.

— சரி. இன்னும் ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அம்மா, ஆள் விழுந்ததும் நீங்க ஏன் கீழ ஓடி வரல?

— எழுந்து உக்காரக்கூட முடியாதவரை விட்டுட்டா சார்? அடுப்பு அணைஞ்சா கட்டை மாதிரி விறைச்சுப் போயிடுவார். இப்பவே பாதி விறைப்பு.

— நான் போகச் சொன்னேன். நாலு தடவை சொன்னேன். போகல. காவலரே, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க.

— வெச்சுட்டேன்.

— ரெண்டு நாளா என்னால எழுந்து போக முடியல. புரியுதா? இவ வாளி கொண்டுவந்து வெச்சா. முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னா. அப்புறம் அதை எடுத்துட்டு அந்த மழையில வெளிய போய்க் கொட்டிக் கழுவிட்டு வந்தா. அதை எழுதாதீங்க.

— எழுதமாட்டேன் ஐயா.

— எழுதாதீங்க. ஆனா தெரிஞ்சுக்குங்க.

— கன்னுக்குட்டியெல்லாம் இவ்வளவு வெக்கப்படாது சார்.

— பார்த்தீங்களா, எப்படிப் பேசறா!

— சிரிப்பா இருக்கு ஐயா. ஆனா நேரம் ஆயிட்டே போகுது. எழுதின வரைக்கும் படிச்சுக் காட்டறேன். ‘மேற்படி மர வீட்டில் நானும் என் மகனும் மருமகளும் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் மதியம் வாசற்படியில் நான் கால் வழுக்கி விழுந்தேன். இதில் யாருக்கும் தொடர்பில்லை. படிக்கக் கேட்டேன், சரி.’ இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.

— கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க.

— ‘படிக்கக் கேட்டேன், சரி.’

— அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்! பொய்ச்சாட்சி எவன்னு எனக்கு அந்த இடத்துல தெரிஞ்சுடும். பேனாவை வாங்கும்போது நிமிர்ந்து பார்க்கமாட்டான்.

— மாமா, போட்டுடுங்க. ஆளுங்க சத்தம் கேக்குது.

— ஆமா ஐயா, ஓடையைத் தாண்டிட்டாங்க. உங்க மகனும் கூட வர்றார். இன்ஸ்பெக்டரும்.

— அவனும் வர்றானா?

— முன்னால நடந்து வர்றார். கையை ஆட்டறார், பாருங்க.

— இவளை என் கண் முன்னால ஜீப்புக்கு இறக்கிக் கூட்டிட்டுப் போவீங்க. நான் பின்னால ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டுப் பார்க்கணும். அப்படித்தானே?

— அப்படித்தான் ஐயா.

— மாமா, எனக்கு ஒண்ணும் ஆகாது. அங்க போய் நான் பேசிக்கறேன். உங்க வீட்டுப் பேர்...

— எங்க வீட்டுப் பேரை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நீ என்ன அடுத்த வீடா? அந்தத் தாளைக் கிழிங்க, காவலரே.

— ஐயா?

— கிழிங்கன்னா கிழிங்க. புதுத் தாள் எடுங்க. அம்மா, என்னைத் தூக்கி நேரா உக்கார வை.

— வலிக்கும் மாமா.

— வலிக்கட்டும். ம்... அப்படித்தான். கதவைத் திறந்து வைங்க. படிச்சுக் காட்டும்போது அவனும் கேக்கணும்.

— இன்ஸ்பெக்டர் சார், எல்லாரும் வந்துட்டீங்களா? அங்கேயே நில்லுங்க, ஒரு நிமிஷம். சொல்லுங்க ஐயா, எழுதறேன்.

— டீக்கடைப் பேச்சு அத்தனையும் தப்பு. நான் சாகல, படி நனையல, என் மருமகள் என்னைத் தொடக்கூட இல்ல. இவளை அடிக்கக் கை ஓங்கினப்போ நடுவுல போய் நின்னேன். என்னைத் தள்ளினது என் மகன்.