அஞ்சிய நெஞ்சன் பெனடிக்ற்

தலைமை தாங்கும் ஆசிரியர் ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கணவர் பெனடிக்ற்றை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை அஞ்சலீனா அவர்களே, லண்டனின் நோர்பரிப் பகுதியிலிருந்தும் பார்க்கிங் பகுதியிலிருந்தும் வேலை ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே!

என் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். 'அஞ்சாநெஞ்சன் அமரர் பெனடிக்ற்' என்று எழுதியிருக்கிறோம். எழுதிய தம்பிமார் கோபிக்கக் கூடாது. அது பிழை! அவரோடு சேர்ந்து விமானம் ஓட்டிய யோகராஜா சொல்கிறேன்: பெனடிக்ற் அவர்களைப் போலப் பயந்த ஒரு மனிதரை நான் கண்டதில்லை.

ஊரில் சண்டைக்காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் பாய்ந்த சனம் அல்லவா நாங்கள்? அந்தச் சனத்தில் பிறந்து, ஜெர்மனியில் வெல்டிங் பழகி, லண்டனுக்கு வந்த மனிதர், வீட்டு முன்னறையில் தன் கையால் ஒரு விமானத்தையே கட்டினார்! இருவர் இருக்கக்கூடிய சின்ன விமானம். இறக்கையை வெளியே எடுக்க யன்னலைக் கழற்றினோம். நகரக் கவுன்சில்காரர் வந்து கேட்பார்களோ என்று அதற்கும் பயந்தார்.

கென்ற் பக்கத்துப் புல்வெளியில் அவர் பறப்பதைப் பார்க்க றோல்ஸ் பலகாரமும் தேநீருமாகப் பங்கு மக்கள் திரண்ட நாளை மறந்துவிட்டீர்களா? எஞ்சினை இயக்கியவர் உடனே நிறுத்திவிட்டு இறங்கினார். "சத்தம் சரியில்லை" என்றார். "வடிவாத்தானே கேக்குது, ஏறுங்கோவன்!" என்று நாங்கள் கத்தினோம். மூடியைக் கழற்றினால், புகைக்குழாயில் மயிரளவு வெடிப்பு! அப்போது அஞ்சலீனாவிடம் சொன்னார்: "பயப்பிடாத ஆளோட நீர் ஒருநாளும் ஏறக்கூடாது."

இந்தக் கோடையில் பழைய எஞ்சினை இறக்கிப் புதியதைப் பூட்டினார். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு கீறுவார். நட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். சோதனைப் பறப்பு முடிந்ததும் முதல் பயணம் அஞ்சலீனாவுக்கு என்று சொல்லியிருந்தார். அதற்குள் குரோய்டன் ட்ராம் நிறுத்தத்தில் அவருடைய இதயம் நின்றுவிட்டது.

சென்ற சனிக்கிழமை விமானக் கொட்டகைக்குப் போனேன். பெற்றோல் குழாயில் ஒரு நட்டில் கோடு இல்லை. இறுக்கிவிட்டுக் கீற மறந்தாரா? இறுக்கவே இல்லையா? இனி யாரைக் கேட்பேன்? கோடு உள்ள நட்டுகளையும் இப்போது என்னால் நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து சரியான நித்திரை இல்லை.

பெனடிக்ற்! கோபிக்காதே. நீ இறுக்கியது அத்தனையையும் கழற்றப் போகிறேன். ஒவ்வொன்றாகத் திரும்ப இறுக்குவேன், கோடு கீறுவேன், பரிசோதகருக்குக் காட்டுவேன், தனியே பறந்து பார்ப்பேன். நீ தொடங்கிய வேலையை முடிப்பேன் என்று இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன்.

இன்று காலை பூசை முடிந்து வரும்போது அஞ்சலீனா என்னை மறித்தார்.

"அண்ணை, அவர் சொன்ன பயணத்துக்கு என்னை நீங்கள் கூட்டிக்கொண்டு போவியளோ?"

கோடில்லாத அந்த நட்டைப் பற்றிச் சொன்னேன்.

"பயமாயிருக்கோ?"

"ஓம் தங்கச்சி. சரியான பயம்."

"அப்ப நான் உங்களோட ஏறுறன்" என்றார்.

எங்கள் இருவருக்காகவும் செபித்துக்கொள்ளுங்கள்.