பதினாலு அட்டை வீடு

இன்னும் பத்து நிமிசம் ஆகும் டீச்சர், பசை காயணும்ல. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. கடைக்கார லாசர் அண்ணே பேப்பர் எடுக்கத் திருமங்கலம் போயிருக்காக. ஜெராக்ஸ் எல்லாம் அவுக, வெட்டுறது ஒட்டுறது மட்டும் நான். உங்க உயிரெழுத்துச் சார்ட்டும் நாந்தான் செய்யிறேன். சனிக்கெழம பெத்தவங்க எல்லாம் வர்றாகளாம்ல, பளிச்சுனு இருக்கணும்னு சொன்னீங்களாம்.

என்னையத் தெரியலயா? எப்பிடித் தெரியும். நான் ஸ்ரீஜா அம்மா. உங்க ஒண்ணாங்கிளாஸ் ஸ்ரீஜாதான், முன்பல்லு ரெண்டு விழுந்தது. மீட்டிங்குக்கு அவுக அப்பாதான் வருவாரு. நாலு பேரு முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும். எழுமலைப் பக்கம் எங்க ஊரு. எட்டாப்போட நிறுத்திட்டு மல்லி பறிக்கப் போயிட்டேன். கையில கத்தரி இருந்தா மட்டும் கொஞ்சம் பேச வரும்.

செய்து கற்கும் வாரம்னு நீங்க போட்டீங்கள்ல, இந்தக் கடையில நிக்க எடமில்ல. திங்கக்கெழம எல ஒட்டுறது, செவ்வாக்கெழம கடியாரம், புதன் சிக்னல். உங்க கிளாஸ்ல மட்டும் எங்க ஸ்ரீஜா போக மிச்சப் பதினாலு பேரும் இங்கதான். சாய்ராம் அம்மா ஸ்கேல் கொண்டாந்து அளந்து பாத்துத்தான் வாங்குனாக. டயானா அம்மா, பிள்ள தொட்டுறாம ஒசரத்துல வைக்கச் சொல்லி அவுக வீட்டுக்காரருக்குப் போன் போட்டாக. இம்புட்டு அக்கறையான தாய்மாருகள நான் பாத்ததே இல்ல.

நேத்துப் பரிசு குடுத்தீங்களாம்ல. ஒண்ணாவது டயானா, ரெண்டாவது சாய்ராம், மூணாவது தமிழ்மாறன். மூணும் என் கை செஞ்சதுதான் டீச்சர். எட்டு வருசம் படிச்சு ஒரு பென்சில்கூடப் பரிசு வாங்குனதில்ல. உங்க ஒண்ணாங்கிளாஸ்ல ஒரே நாள்ல மூணு வாங்கிட்டேன். எங்க வாத்தியார் இருந்தாருன்னா மயங்கி விழுந்திருப்பாரு.

எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. வேற எந்த டீச்சரு கண்டுபிடிச்சாக, நீங்க மட்டும் கண்டுபிடிக்க?

ஸ்ரீஜாவுதா? அது அதுவாத்தான் செஞ்சுச்சு. ஊரார் பிள்ளைகளுக்கு ஒட்டி முடிச்சு நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள அது முடிச்சிரும். கடியாரம் பாத்தீங்கள்ல? ஒண்ணுல ஆரம்பிச்சு எட்டு வரைக்கும் தாராளமா எழுதிருச்சு, மிச்சத்துக்கு எடமில்லாம பத்தும் பதினொண்ணும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்துருச்சு. ஆனா முள்ளு சுத்தும் டீச்சர். குண்டூசி குத்தி வச்சிருந்துச்சு. நான் செஞ்ச பதினாலுலயும் முள்ள ஒட்டிட்டேன், பாக்க லட்சணமா இருக்கும்ல. பதினாலுலயும் பத்துப் பத்து, எந்நேரமும்.

சிக்னலா? மூணு வெளக்கையும் கருப்பாத்தான் அடிச்சிருந்துச்சு. பக்கத்துல ஒரு போலீசு கைய நீட்டி நிப்பாரு. எங்க தெருமுக்குல அப்பிடித்தான டீச்சர், வெளக்கு என்னைக்கு எரிஞ்சுச்சு? நீங்க பெருக்கல் குறி போட்டு, பெற்றோர் கவனம் தேவைன்னு செவப்புல எழுதிவிட்டீங்க. பெற்றோர் கவனம் பூராம் டயானா சிக்னல்லதான் இருந்துச்சு.

அய்யய்யோ, சண்டைக்கு வரல டீச்சர். எனக்குச் சண்ட போடவும் தெரியாது.

மேசையில எடமில்லைன்னு அது செஞ்ச சிக்னலக் கீழ வச்சீங்களாம். அதையும் அது அழுதுகிட்டுச் சொல்லல. சோத்தப் போட்டு வச்சா கைய முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு நிக்கிது. என்னடின்னா, என் கை நல்லாயில்லம்மா, உன் கை நல்ல கை, அட்ட வீட்ட மட்டும் நீ செஞ்சு குடுத்துரும்மாங்குது. ஆறு வயசு டீச்சர். நாந்தான் ஊட்டிவிட்டேன்.

நாளைக்கு எங்கள் வீடுன்னு ஒண்ணு செஞ்சு கொண்டாரணும்ல. அதுவும் ரெண்டு நாள் மேசைமேல இருக்கும், எல்லாரும் வந்து பாப்பாக. எனக்கு என்ன, மாடி வச்சு பால்கனி வச்சுச் செஞ்சிருவேன். செஞ்சு குடுத்தா சிரிச்சுக்கிட்டே தூக்கிட்டு வந்துரும். அப்பறம் கத்தரியத் தொடவே தொடாது. மாட்டேன்னுட்டேன். பொழுதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பறமா அட்டப்பெட்டிய இழுத்துக்கிட்டு மூலைக்குப் போயிருச்சு.

செஞ்சிருச்சு, செஞ்சிருச்சு. சுவரு ஒரு பக்கம் சாயிது. வீட்டவிடத் தண்ணித்தொட்டி பெருசா இருக்கு. ஏன்டி இம்புட்டுப் பெருசுன்னேன். வாரத்துக்கு ஒருதரந்தானம்மா தண்ணி வருது, பத்தணும்லங்குது.

மத்தவுகளுதா? பதினாலு வீடும் முடிஞ்சிருச்சு. நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடிதான் தமிழ்மாறன் அப்பத்தா கடைசி வீட்ட வாங்கிட்டுப் போனாக. கலர்ப் பேப்பர் சுத்தி, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டித்தான் குடுத்தேன். பிரிச்சா நசுங்கிரும், கிளாஸ்ல போயிப் பிரிங்கன்னு சொல்லியிருக்கேன்.

பாத்துட்டுப் பிள்ளைகள வஞ்சுறாதீங்க டீச்சர். பதினாலும் கோணலாத்தான் இருக்கும். ஒண்ணுல கூரை எறங்கியிருக்கும், ஒண்ணுல சன்னல் கதவுமேல ஏறியிருக்கும், பசை அங்கங்க வழிஞ்சிருக்கும். லேசுல வரல. கத்தரிய எடுத்தா கை தானா நேராப் போயிருது. அப்பறம் எடதுகையால வெட்டுனேன். இதுக்கு முந்தி இம்புட்டுச் செரமப்பட்டு நான் எதையும் செஞ்சதில்ல.

ஆமா, வேணும்னுதான்.

சாய்ராம் அம்மா ஸ்கேலத் தூக்கிக்கிட்டு வருவாக, தெரியும். லாசர் அண்ணே நாளையோட வராதம்மான்னு சொன்னாலும் சொல்லுவாக. சொல்லட்டும். நாளைக்குக் கீழ வைக்கிறதா இருந்தா பதினஞ்சு வீட்டையும் வச்சிருங்க டீச்சர், மேல வைக்கிறதா இருந்தா பதினஞ்சையும் வைங்க. யாராவது கேட்டா உங்க வாட்சப் மெசேஜத்தான் காட்டுவேன். பிள்ளைங்களே தங்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும்னு நீங்கதான போட்டிருந்தீங்க. அதே மாதிரிதான் செஞ்சு குடுத்திருக்கேன்.