கீழ் பெர்த்

யார் வீட்டில் டீ கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. டீயைக் குடித்துவிட்டால் வீட்டுக்காரர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். என் வேலைக்கு அது தேவையாகவும் இருந்தது. ஸ்வாமிநாதன் சார், நீங்கள் விசாரணையைத் தமிழில் வைத்துக்கொண்டதும் நல்லதாயிற்று.

புனேயில் தாபோடியிலிருந்த அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு கேம்ப் ஏரியாவிலிருந்த ஒரு தொண்டு நிறுவனம் பணம் கொடுத்துவந்தது. இத்தனை பேருக்குப் பிரசவம் பார்த்தோம் என்று ஆஸ்பத்திரி சொல்லும். அது நிஜமா, வந்தவர்களுக்குத் திருப்தியா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுவர நிறுவனம் என்னை வைத்திருந்தது. தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் என் பொறுப்பு.

நம் வழக்கப்படி பிரசவம் தாய்வீட்டில்தானே? அதற்கு வழியில்லாதவர்கள் இங்கே பெற்றுக்கொண்டு, பிறகாவது அம்மாவிடம் போவார்கள். வீடு பூட்டிக்கிடக்கும். அதனால், ஊருக்குப் போனவர்களைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். நியாயமான யோசனை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் கிருமி சாக வேகவைக்கிற இயந்திரம் கெட்டுப்போயிற்று. நர்ஸ்தான் என் காதில் போட்டாள். அடுத்த தவணைப் பணம் வந்தால் புதிதாக வாங்கிவிடலாம். ஆனால் பிரசவமானவர்கள் காய்ச்சலோடு திரும்பவந்து படுத்தால் ஆஸ்பத்திரியின் பெயர் கெடும், தவணை நின்றுபோகும், வார்டையே மூடிவிடுவார்கள். அப்புறம் தாபோடிப் பெண்கள் எங்கே போவார்கள், ஆட்டோவிலா பெற்றுக்கொள்வார்கள்? இதை நான் ரொம்பவும் யோசித்தேன்.

தீபா வீட்டிலும் டீ கொடுத்தார்கள். வயிற்றைக் கிழித்து எடுத்த குழந்தை. அவள் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். "நன்னா பாத்துண்டாளா?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்தவளிடம் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்த பெண். "நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க மாமி" என்றாள்.

அவள் மாமியார்தான் என்னை வாசல்வரை கூட்டிவந்து சொன்னாள். "காய்ச்ச விடவே மாட்டேங்கு மாமி. தையல் போட்ட எடத்துல சீழு வேற. திரும்ப அங்கயே கூட்டிட்டுப் போயிரலாமான்னு பாக்கேன்."

"பால் கட்டினா ஜுரம் வரத்தான் வரும். பேசாம அவ அம்மாகிட்ட அனுப்பி வையுங்கோ. பெத்தவ கையால ஒரு கஷாயம் குடிச்சா எழுந்து உக்காந்துடுவா" என்றேன்.

"அவ்ளோ தூரம் ரயில்ல எப்பிடி மாமி?"

"கீழ் பெர்த்தா நானே வாங்கித் தரேன்."

வாங்கியும் கொடுத்தேன். அந்தச் சீசனில் நாகர்கோவில் வண்டியில் கீழ் பெர்த் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

குண்டக்கல் வருவதற்குள் தீபா போய்விட்டாள். குழந்தை பிழைத்தது. காரியமெல்லாம் முடிந்து திரும்பிய அவள் புருஷன் தினேஷ் நேராக நிக்டியிலுள்ள என் வீட்டுக்கு வந்தான். "படுத்துட்டாவது போனா மாமி. அந்த மட்டுக்கும் நீங்க செஞ்ச உதவி" என்று கும்பிட்டான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கும்பிட்ட கைகள்தான் முன்னால் வருகின்றன. அழைப்பு மணி அடித்தால் பயமாக இருக்கிறது.

மறுவாரம் ஜெனிபர் வீட்டுக்குப் போனேன். அதே காய்ச்சல், அதே சீழ். ஊருக்குப் போகச் சொன்னதும், "எனக்குத்தான் அம்மா இல்லியே மாமி" என்றாள். "சித்தி இருக்காளோல்லியோ" என்றேன். அவளுக்கும் கீழ் பெர்த்தே கிடைத்தது. அவள் ஊர் போய்ச் சேர்ந்தாள், நாலைந்து நாள் உயிரோடு இருந்தாள் என்று கேள்வி.

அந்தப் பருவத்தில் ஆஸ்பத்திரிக்கு மிக நல்ல மதிப்பெண் வந்தது. தவணையும் வந்தது, இயந்திரமும் வந்தது. இன்று அங்கே யாருக்கும் சீழ் வைப்பதில்லை. அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

தீபா விஷயத்தில் தெரியாமல் செய்தேன், ஜெனிபர் விஷயத்தில்தான் தெரிந்து செய்தேன் என்று உங்களிடம் சொல்வதாகத்தான் கிளம்பி வந்தேன். அதுவும் சரியில்லை. புனே ஸ்டேஷனில் தீபாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டது நான்தான். புடவைக்கு மேலேயே உடம்பு கொதித்தது. அவளால் சரியாகப் பேசவும் முடியவில்லை. தினேஷ் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். வண்டி கிளம்ப இன்னும் நேரமிருந்தது, இறங்கச் சொல்லியிருக்கலாம். நான் ஜன்னல் பக்கம் வந்து நின்று கையசைத்தேன்.